‘அசந்துர்றேன்’ என்றாள் தர்ஷினி

காகிதக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

மஞ்சளும் சிவப்புமாக மடித்துக் குண்டூசியில் செருகிய, பொங்கல் கடைகளில் தொங்கும் சாதாரணக் காற்றாடி. அதைப் பிடித்திருந்த கைக்குப் பதினோரு வயது. உள்ளங்கை ஓரத்தில் பேனாவின் நீல மைக் கறை. தர்ஷினி கன்னம் உப்ப உப்ப ஊதினாள். இரு நிறங்களும் கலந்து ஒரே ஆரஞ்சு வட்டமாகத் தெரிந்தன.

“ஊது தாயி, நிப்பாட்டாத. எனக்குப் பொறந்தநாளு, கேக்குல அம்பது மெழுகுவத்தி இருக்குன்னு நெனச்சுக்கோ” என்றார் ராஜாத்தி சிஸ்டர், கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

டாக்டரம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தர்ஷினியின் அம்மா மாரீஸ்வரி முந்தானையை வாயில் கவ்வியிருந்தார். நான் கதவோரமாக, கையில் ஒரு நாற்பது பக்க நோட்டுடன் நின்றேன்.

இரண்டு நிமிடம் கடந்தது. ஆரஞ்சு வட்டம் மெல்லக் கலைந்தது. மஞ்சள் தனியாக, சிவப்பு தனியாகப் பிரிந்து வந்தன. பிறகு காற்றாடி நின்றது.

அது நின்றதில் நாங்கள் நால்வரும் எதைக் கண்டோம் என்பதைச் சொல்ல, மூன்று நாள் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கதவுக்கு வெளியே ஒரு மேசை

அருப்புக்கோட்டையில் நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் துறைக்குக் குழந்தை மருத்துவர் ஒருவர் வந்தார். அவர்தான் டாக்டரம்மா; கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதிது.

“கால் ஒளையுதுன்னு ஒரு பையன் சொல்றானுங்க. ஒளையறதுன்னா என்னங்க? வலிக்குதான்னு கேட்டா, இல்லைங்கறான். அவங்கப்பா குறுக்க புகுந்து, வலிக்குதுன்னே எழுதுங்கறாரு” என்றார்.

உளைச்சல் வேறு, வலி வேறு என்று நாங்கள் விளக்கினோம். அவருக்கு ஒரு மாணவர் தேவைப்பட்டார். செவ்வாயும் வெள்ளியும் காலையில் மருத்துவமனைக் கதவுக்கு வெளியே அமர்ந்து, உள்ளே போகும் குழந்தையிடம் ‘உனக்கு என்ன செய்கிறது?’ என்று கேட்டு, அது சொல்வதை எழுதித் தர வேண்டும். பெரியவர்கள் சொல்வதை அல்ல. குழந்தை சொல்வதை, குழந்தை சொன்னபடியே. எழுதியதை அந்தக் குழந்தைக்கு வாசித்துக் காட்டி, ‘இதைத்தானே சொன்னாய்?’ என்று கேட்டுவிட்டு, அதன் பிறகே உள்ளே அனுப்ப வேண்டும்.

“அதிகம் பேசாத ஆளாப் பாத்துக் குடுங்க” என்றார்.

வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. இரண்டு ஆண்டுகளில் அந்த வகுப்பு ஒருமனதாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

மேசை கிடைத்தது; ஒரு காலுக்கு அடியில் அட்டை வைக்க வேண்டியிருந்தது. குழந்தைகள் உட்காரச் சிவப்பு முக்காலி ஒன்று. முதல் வாரத்திலேயே என் நோட்டு, நான் படித்த எந்த நூலிலும் இல்லாத வாக்கியங்களால் நிறைந்தது. ‘வயித்துக்குள்ள தவளை இருக்கு, சோறு போட்டா கத்துது.’ ‘மூச்சு மாடிப்படி ஏறுது, எறங்க மாட்டேங்குது.’ இரண்டாவதைச் சொன்னவனுக்கு ஐந்து வயது. டாக்டரம்மா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போனார். அவனுக்கு ஆஸ்துமா.

பெரியவர்களுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. “சின்னப் புள்ளைட்ட என்னத்தக் கேக்குறீக? பெத்தவன் இங்கன நிக்கேன், என்னையக் கேளுங்க” என்று ஒருவர் மேசையைத் தட்டினார். மேசை ஆடியது. ராஜாத்தி சிஸ்டர் உள்ளிருந்தே குரல் கொடுத்தார்: “வயித்து வலி ஒங்களுக்கா, அவனுக்கா? ஒங்களுக்குன்னா பக்கத்துக் கட்டடத்துக்குப் போங்க.”

காதுக்குள் நடந்தவர்

அந்த வேலைக்கு நான் ஏன் உடனே ஒப்புக்கொண்டேன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது சொல்லியிருக்க மாட்டேன்.

எம்.ரெட்டியபட்டியில் எங்கள் வீட்டை ஒட்டிப் பருத்திக்காடு. எனக்கு ஆறு வயதோ ஏழு வயதோ இருக்கும். பருத்தி எடுக்கும் நாள்கள். வீட்டு அறை முழுவதும் பருத்திக் குவியல். அதில் விழுந்து புரள எனக்கு அனுமதி இல்லை. ஆகவே தினமும் புரண்டேன். ஒரு நாள் மாலை அம்மாவிடம் போய், “காதுக்குள்ள யாரோ நடக்காக” என்றேன்.

வீடு சிரித்தது. “யாரு, ஒன் மாப்பிள்ளையா? செருப்பக் கழத்திப் போட்டுட்டு நடக்கச் சொல்லு” என்றார் மாமா.

மறுநாள் டவுனில் மருத்துவர் என் அம்மாவைப் பார்த்து, “வலிக்குதா?” என்று கேட்டார். “ஆமா, வலிக்குதாம்” என்றார் அம்மா. நான் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை. வலிக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, வேறொரு மருத்துவர் விளக்கைக் காட்டிப் பார்த்து, என் காதிலிருந்து ஒரு சிறு வண்டை இடுக்கியால் எடுத்து வெள்ளைத் துணியில் வைத்தார். கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. நடந்துகொண்டுதான் இருந்தது.

நான் சொன்னது அணுவும் பிசகாத உண்மை. ஆனால் வீட்டில் நிலைத்தது மாமாவின் வேடிக்கைதான். அதன் பிறகு நான் சொற்களை வெளியே விடுமுன் இருமுறை சரிபார்க்கத் தொடங்கினேன். சரிபார்த்தவற்றில் பெரும்பாலானவற்றை விடாமலே இருந்துவிட்டேன். அதற்கு ஊர் வைத்த பெயர் ‘அமைதியான பிள்ளை’.

இவ்வளவு தெரிந்த நான்தான் தர்ஷினி விஷயத்தில் அந்தத் தவற்றைச் செய்தேன்.

நான் செய்த திருத்தம்

செவ்வாய்க்கிழமை. காலாண்டு விடுமுறை தொடங்கியிருந்தது. ஆகவே வெளி நோயாளிகள் பகுதியில் கூட்டம் நெரிந்தது. ஒன்பது மணிக்கே சிமெண்டுத் தரை சுட்டது. சிவப்பு முக்காலியில் நெற்றியில் புதுப் பிளாஸ்திரி ஒட்டிய ஒரு பெண் அமர்ந்தாள். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை.

நான் பெயரைக் கேட்குமுன்பே அவள் பின்னால் நின்ற மாரீஸ்வரி தொடங்கிவிட்டார். “மயக்கம்னு எழுதும்மா. மயக்கம்தான். சைக்கிள்ல போனவ, நேராப் போயி கரண்டுக் கம்பத்துல முட்டிக்கிட்டு நிக்கா. ஏன்டின்னா தெரியலங்கா. பள்ளிக்கொடத்துல டீச்சரு கேக்குறாக, இவ பராக்குப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா. மயக்கமா, திமிரான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

“நீ சொல்லு. உனக்கு என்ன செய்கிறது?” என்று தர்ஷினியைக் கேட்டேன்.

அவள் அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அசந்துர்றேன்க்கா.”

“எப்போது?”

“எப்பன்னு தெரியாதுக்கா. எல்லா எடத்துலயும்.”

“அசரத்தான செய்வா! எந்நேரமும் போனத் தடவிக்கிட்டு இருந்தா அசராம என்ன செய்யும்?” என்றார் மாரீஸ்வரி.

நான் எழுதினேன்: *அடிக்கடி சோர்வடைகிறேன்.*

அந்த வாக்கியம் என் கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சுருக்கம், தெளிவு, பிழையின்மை. ‘அசந்துர்றேன்’ என்ற பேச்சு வழக்கை எழுத்து வழக்குக்கு மாற்றியதாக நினைத்தேன். ஐந்து ஆண்டுகள் இலக்கணம் படித்த கை, என்னைக் கேட்காமலே திருத்திவிட்டது. மேசைக்கு முன்னால் வரிசை வளைந்து வாசல்வரை நின்றது. வாசித்துக் காட்ட நேரமில்லை. தாளைக் கிழித்து உள்ளே அனுப்பினேன்.

சோர்வு என்ற சொல்லைப் படித்த மருத்துவர், சோர்வுக்கு என்ன பார்க்க வேண்டுமோ அதைப் பார்த்தார். கண் இமையைக் கீழே இழுத்தார். இரத்தப் பரிசோதனை. இரத்தம் கொஞ்சம் குறைவுதான். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளில் பலருக்கும் அது குறைவுதான். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்த மாரீஸ்வரி, எனக்குக் கேட்கும்படியே மகளிடம் சொன்னார்: “பாத்தியா? ஒண்ணுமில்லன்னுட்டாக. எல்லாம் நடிப்பு. ஞாயித்துக்கிழமை ஒன்னையத் திருச்சுழிப் பக்கம் பெரியம்மா வீட்டுல கொண்டு போயி விட்டுர்றேன். லீவு முடிஞ்சதும் டி.சி.யை வாங்கி அங்கேயே சேத்துருவோம். தோட்டத்துக் கெணத்துல நாலு கொடம் தண்ணி எறைச்சா மெதப்பு எறங்கும்.”

தர்ஷினி திரும்பி என் நோட்டைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தவறவிட்ட நிறுத்தம்

வெள்ளிக்கிழமை காலை ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். இருபுறமும் சீமைக்கருவேலம், நடுவே கரிசல், ஜன்னல் வழியே அடுப்படிக் காற்று. எனக்கு முன்னிருக்கையில் கத்தரிக்காய்ச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர்.

நடத்துநர் அவரிடம் வந்து நின்றார். “ஏலே, ரயில்வே கேட்டு ஸ்டாப்புல எறங்கணும்னுதான டிக்கெட் வாங்குன? கேட்டு போயி அஞ்சு நிமிசமாச்சு. கேட்டு கேட்டுன்னு தொண்டை வத்தக் கத்துனேன்.”

“அய்யய்யோ! கொஞ்சம் அசந்துட்டேன்பா.”

“தூங்கிட்டியாக்கும்?”

“எங்கிட்டுத் தூங்க? கண்ணு முழிச்சுத்தான இருந்தேன்! ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ கத்துனது மட்டும் காதுல விழல.”

“கண்டக்டரு அழகுல சொக்கிப் போயிட்டாரு” என்றார் பின்னாலிருந்து ஒரு பெண். பஸ்ஸே சிரித்தது.

நான் சிரிக்கவில்லை.

*கண்ணு முழிச்சுத்தான இருந்தேன்.*

அசந்து தூங்குவது வேறு. அசதியாக இருப்பது வேறு. ‘ஒரு நிமிசம் அசந்துட்டேன்’ என்று எங்கள் ஊரில் சொல்வது வேறு: விழித்திருக்கும்போதே மனம் கை நழுவிப் போவது. ஒரே வினைச்சொல், மூன்று பொருள். பிறந்த நாள்முதல் நான் பேசிவரும் மொழி இது. தர்ஷினி மூன்றாவதைச் சொன்னாள். நான் இரண்டாவதை எழுதினேன். சோர்ந்த பிள்ளை கம்பத்தில் முட்டாது, இறங்கி நிற்கும். ‘எப்பன்னு தெரியாது’ என்றாளே! சோர்வு எப்போது வருகிறது என்பது சோர்ந்தவருக்குத் தெரியாமலா இருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு கிணற்றடிக்குக் கொண்டுபோகிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது.

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மருத்துவமனைக்கு ஓடினேன். நான் ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. துப்பட்டா ஒருபக்கம், நோட்டு ஒருபக்கம். வடைக் கடைக்காரர் கரண்டியுடன் எட்டிப் பார்த்தார்.

மூச்சிரைக்க மூன்றே வாக்கியங்களில் சொன்னேன். டாக்டரம்மா எழுந்தே விட்டார். “கண்ணு முழிச்சுட்டு இருக்கறப்பவே நின்னு போறதா? அப்படின்னா நான் பார்த்தது முழுக்க வேறங்க. ஒரு மணி வரைக்கும் இருப்பேன். கூட்டிட்டு வந்துருங்க.”

ராஜாத்தி சிஸ்டர் சீட்டிலிருந்த எண்ணுக்கு மூன்று முறை அழைத்தார். எடுப்பாரில்லை. “தறி வச்சிருக்கவுக. அந்தச் சத்தத்துல போனு எங்க கேக்கப்போவுது? நீயே போத்தா. ஆட்டோல போ, ஓடாத. இன்னொரு பேசண்டு எனக்கு வேண்டாம்.”

ஊடை இல்லாத துணி

தெருவுக்குள் நுழையும்போதே தரை அதிர்ந்தது. விசைத்தறிகளின் சத்தம் காதில் கேட்பதற்குமுன் பாதத்தில் கேட்கும். வீட்டின் முன்பகுதியில் நான்கு தறிகள். இயந்திர எண்ணெயும் கஞ்சியும் கலந்த வாடை; சிலந்தி வலைகள் மீதெல்லாம் வெள்ளைப் பஞ்சுத் தூசி. தர்ஷினியின் அப்பா இரண்டு தறிகளுக்கு நடுவே நின்றிருந்தார். வாசற்படியில் ஒரு துணிப்பை, வாய்க் கயிறு கட்டித் தயாராக. அதன் மேல் தலைவைத்து தர்ஷினி.

“அன்னைக்கு நீ சொன்னது தூங்குறதா?” என்று கத்தினேன். நான் வாழ்க்கையில் கத்திக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

“என்னது?”

“அசந்துர்றேன்னியே! தூக்கமா? அசதியா?”

அவள் முகம் மாறியது. “இல்லக்கா! அது இல்லக்கா!” என்று எழுந்து, என் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போனாள். அங்கே கழித்துப் போட்ட துணிகள் கிடந்தன. அவற்றில் ஒரு துண்டை உருவி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

வெள்ளைத் துணி. நடுவே நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் துணியாகவே இல்லை. நெடுக ஓடும் பாவு நூல்கள் மட்டும், மழைக்கோடுகள் போல. குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூல் இல்லை. அந்தப் பக்கம் மீண்டும் நல்ல துணி.

“பாருங்கக்கா. இந்த எடத்துல ஊடை தீந்துருச்சு. நிப்பாட்டுற கம்பி வேலை செய்யல. அதனால தறி நிக்கல, அதுபாட்டுக்கு ஓடுது. பாவு போகுது. துணி மட்டும் விழுகாது. பெறகு வேற நூல் போட்டதும் விழுகும். எனக்கும் இதே மாதிரிதான்க்கா.” ஒரே மூச்சில் சொன்னாள். “டீச்சரு நாலாவது வரி வாசிப்பாக. அடுத்து எட்டாவது வரி வாசிப்பாக. நடுவுல உள்ளது எனக்கு நெய்யவே இல்ல. நான் பராக்குப் பாக்கலக்கா. அங்கனயேதான் இருந்தேன். ஆனா ஊடை இல்ல.”

இம்முறை எழுத்து வழக்கு எதுவும் என் கைக்கு வரவில்லை. ‘ஊடை இல்ல’ என்பதை அப்படியே எழுதினேன். எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். “ஆமாக்கா, ஆமா!” என்று குதித்தாள்.

திடீரென்று தறிகள் நின்றன. அவளுடைய அப்பா எங்களுக்குப் பின்னால் நின்று அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு நாளா இப்பிடி இருக்கு? எங்கட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே?”

“சொன்னேன்ல. தறி ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

அவர் கையைத் துடைத்த துணியாலேயே மறுபடி மறுபடி துடைத்தார்.

அடுப்படியிலிருந்து வந்த மாரீஸ்வரி என்னைக் கண்டதும் இடுப்பில் கைவைத்தார். “என்ன, வீட்டுக்கே வந்துட்டீக? அன்னைக்குத்தான் ஒண்ணுமில்லன்னு மாத்திரை குடுத்தாச்சுல்ல?”

“தப்பு என்னுடையதுக்கா. அவ சொன்னதை நான் மாத்தி எழுதிட்டேன். டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பாக, இப்பவே வரச் சொன்னாக.”

“எழுதுறதுக்குத்தான மேசை போட்டு ஒக்காந்திருக்கீக? அதக் கூட ஒழுங்காச் செய்ய மாட்டீகளா?”

நியாயமான கேள்வி. அவள் அப்பாதான் பதில் சொன்னார்: “கூட்டிட்டுப் போ மாரி. ஒரு மணி வரைக்கும்தான் டாக்டரு இருப்பாகளாம். தறி எங்கயும் போயிராது.”

ஆட்டோவில் தர்ஷினி அந்தத் துணியை மடித்து மடியில் வைத்திருந்தாள்.

மீண்டும் காற்றாடி

மருத்துவரின் அறையில் மாரீஸ்வரி மூன்று முறை மகளுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினார். மூன்றாம் முறை ராஜாத்தி சிஸ்டர் சொன்னார்: “மாரீஸ்வரி, ஒன் வாய்க்கு இப்ப காலாண்டு லீவு.”

தர்ஷினி துணியை விரித்தாள். டாக்டரம்மா அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஊடை இல்லாத பட்டையின் வழியே வெளியே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து காற்றாடியை எடுத்தார்.

“கண்ணு, இதை நிறுத்தாம மூணு நிமிசம் ஊதணும். வேகமா ஊதுனா, அது வருதான்னு இங்கயே பார்த்துடலாம். தலை கிறுகிறுன்னா பயப்படாத, நாங்க பக்கத்துலயே இருக்கோம். சரியா?”

இப்போது தொடக்கத்துக்கு வந்துவிட்டோம். ஆரஞ்சு வட்டம் கலைந்தது, மஞ்சளும் சிவப்பும் பிரிந்தன, காற்றாடி நின்றது.

கை அதே உயரத்தில் இருந்தது. உதடு ஊதும் பாங்கில் குவிந்தபடியே இருந்தது. கண்கள் திறந்திருந்தன, ஆனால் பார்க்கவில்லை. இமைகள் மட்டும் மெல்லத் துடித்தன.

“பனங்கிழங்கு” என்றார் டாக்டரம்மா, உரக்க, தெளிவாக.

“ஏ புள்ள!” மாரீஸ்வரியின் முந்தானை வாயிலிருந்து நழுவியது. “தர்ஷினி! ஏ தாயி!”

சிஸ்டர் நொடிகளை வாய்விட்டு எண்ணினார். ஒன்பது. பத்து. பதினொன்று.

காற்றாடி சுற்றத் தொடங்கியது. எதுவும் நடக்காதது போலத் தர்ஷினி ஊதிக்கொண்டிருந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்த பிறகே நிறுத்தினாள்.

“நான் என்ன சொன்னேன் கண்ணு?”

“எப்ப டாக்டர்?”

“இப்பத்தான்.”

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு, வேறெந்தக் குழந்தை முகத்திலும் நான் கண்டிராத ஒரு மகிழ்ச்சி, உச்சந்தலையிலிருந்து இறங்கி வந்தது போல அந்த முகத்தில் பரவியது.

“அசந்துட்டேனா? இப்பவா? எல்லாரும் பாத்தீகளா? அக்கா, நீங்க பாத்தீகளா? அம்மா, நீ பாத்தியா?”

“பாத்தேன்டி” என்றார் மாரீஸ்வரி. நெற்றிப் பிளாஸ்திரியைத் தொட்டார். கையை எடுக்கவே இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கை தட்ட வேண்டும் போலிருந்தது. மருத்துவமனை என்பதால் நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா, இது வலிப்பில் ஒரு வகையாக இருக்கக்கூடும் என்றார். கை கால் இழுக்காமல், சில நொடிகள் மட்டும் நினைவு விட்டுப்போகும் வகை. மதுரையில் மூளையின் அலைகளைப் பதிவுசெய்து பார்த்தால் உறுதியாகிவிடும். மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும்.

வலிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் மாரீஸ்வரி கதவைப் பார்த்தார். “டாக்டரம்மா, மெல்ல. வெளிய கேட்டா நாளைக்கு இவளைக் கட்டிக் குடுக்க முடியாது. இவளை வெளிய அனுப்பிட்டு எங்கிட்ட மட்டும் சொல்லுங்களேன்.”

“என்கிட்டச் சொல்லுங்க டாக்டர்” என்றாள் தர்ஷினி. “எனக்குத்தான வருது?”

டாக்டரம்மா தன் நாற்காலியை மாரீஸ்வரியின் பக்கத்திலிருந்து தர்ஷினியின் பக்கம் திருப்பினார். அந்த நாற்காலிக் கால்கள் தரையில் உராய்ந்த ஒலி, அன்று நான் கேட்டவற்றில் மிக இனியது. சொல்ல வேண்டியதையெல்லாம் அவளிடமே சொன்னார். மாத்திரை நாள் தவறக் கூடாது. தனியாகக் குளத்தில், கிணற்றில் இறங்கக் கூடாது. கிணற்றடிக்கே போக வேண்டாம். பரிசோதனை முடியும்வரை பெரியம்மா ஊர் கிடையாது. பள்ளியிலும் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

“சைக்கிள்?”

“இப்போதைக்கு வேண்டாம் கண்ணு. மாத்திரைக்கு இது நின்ன பிறகு நீ வந்து என்னைக் கேளு. அம்மா வேண்டாம், நீயே கேளு.”

“கேப்பேன்” என்றாள். எச்சரிக்கை போலிருந்தது.

மாரீஸ்வரி மெல்லச் சொன்னார்: “கட்டி வச்ச பையை அவுத்து வைக்கணும்.”

கடிதத்தில் ஓர் எழுத்து

மதுரைக்கு டாக்டரம்மா கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில், கறுப்பு மையில், ஒரு பக்கம். பாதியில் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “அவ சொன்ன வார்த்தைக்கு இங்கிலீஷ்ல என்னங்க?”

மூன்று சொற்கள் என் நாவில் தயாராக இருந்தன. மூன்றையும் விழுங்கினேன். “அந்தச் சொல்லையே எழுதிவிடலாம் டாக்டர்.”

எழுதினார். பின்னர் கடிதத்தைத் தர்ஷினியின் முன்னால் நகர்த்தினார். “இதைத்தானே சொன்ன?”

ஆங்கில வரிகளைத் தாண்டி அவள் விரல், இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இருந்த அந்த ஒற்றைத் தமிழ்ச் சொல்லில் போய் நின்றது. அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள்: “அ-சந்-து-றேன்.” புருவம் சுருங்கியது.

“ஒரு ‘ர்’ விட்டுப்போச்சு டாக்டர். நான் அசந்துர்றேன்னுதான் சொன்னேன்.”

கொங்கு நாட்டுக்காரர் தன் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் பள்ளிக்கூடப் பேனாவை எடுத்தாள். மூடியைப் பல்லால் கழற்றினாள். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கூரை போல் ஒரு குறியிட்டு, அதற்கு மேலே கவனமாக எழுதினாள்.

கறுப்பு மைக் கடிதத்தில் ஒரே ஒரு நீல ‘ர்’. அப்படியே உறையிலிட்டு ஒட்டி, டாக்டரம்மா அதை அவள் கையிலேயே கொடுத்தார்.